எவ்வகுப்பை ஏற்பது?

வகுப்பு என்னும் சொல் நம் நாட்டில் மிகுதியாக உழைத்துக் களைத்த சொற்களுள் ஒன்று. பள்ளியில் பிள்ளை அமரும் இடத்துக்கும் அதுவே பெயர். இரயில் வண்டியில் கட்டணத்துக்குத் தக்க பெட்டிக்கும் அதுவே பெயர். ஒருவன் பிறந்த சாதியைச் சர்க்கார் தஸ்தாவேஜுகளில் மரியாதையாக எழுதுவதற்கும் அதுவே பெயர். வகுப்புவாரி உரிமை என்று நம் பாட்டன்மார் மேடைதோறும் பேசியது இப்பொருள் பற்றியே. இப்பொழுது நான்காவது பொருளொன்று நம் வீட்டுப் பிள்ளைகளின் கைப்பேசி வழியாகவும் கணினி வழியாகவும் வந்து சேர்ந்துள்ளது. இணையவழி வேட விளையாட்டில் புகுவோன் முதன்முதல் விடையளிக்கவேண்டிய வினா, ‘உன் கிளாஸ் யாது?’ என்பதாம். வாளேந்தும் வீரனா, மந்திரவாதியா, காயம் ஆற்றும் குருவா, இருளில் பதுங்கும் கள்வனா என்று ஒன்றைத் தெரிந்து தொட்டாலன்றி வாயில் திறவாது.

புரோத்ராபூரில் எம் வீட்டுக்கு அண்மையில் வசிக்கும் இளைஞர் ஒருவர் இவ்வினாவை என்னிடம் கொணர்ந்தார். நண்பர் நால்வர் முன்னரே விளையாடி வருகின்றனர். அவர்களுள் காயம் ஆற்றுவோர் ஒருவரும் இலர். ஆகையால், ‘நீ புதியவன், ஹீலராக வா’ என்று அந்நால்வரும் கூடித் தீர்ப்புக் கூறிவிட்டனர். இவருக்கோ வாளின்மீது ஆசை. ‘ஐயா, முதலில் எதை எடுப்பது நியாயம்?’ என்று கேட்டார்.

சிறுபிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று பெரியோர் இதனைத் தள்ளிவிடலாம். யான் தள்ளத் துணியவில்லை. ஒருவன் தான் இன்னும் அறியாத உலகத்தின் வாயிலில் நின்றுகொண்டு, அங்குத் தான் செய்யப்போகும் தொழிலைத் தேர்ந்தாக வேண்டும். அத்தொழில் எத்தகையது என்பது அதனுட் புகுந்த பின்னரே விளங்கும். வெளியில் நிற்கும்போதே பிறருடைய வசதி அவன் தோளைப் பிடித்துத் தள்ளுகிறது. பத்தாம் வகுப்புத் தேறிய பிள்ளையை ‘முதல் குரூப் எடு’ என்று சுற்றத்தார் சூழ்ந்து நெருக்கும் காட்சியைக் கண்டவர்கள் இவ்வினாவைக் கேட்டுச் சிரிக்கமாட்டார்கள்.

விளையாட்டை அறியாத அன்பர்கள் பொருட்டுச் சிறிது விளக்குதல் வேண்டும். 1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர், காகிதமும் பென்சிலும் பகடையும் கொண்டு ஆடும் ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்னும் ஆட்டத்தை வெளியிட்டனர். அதில் இருந்த வகுப்புகள் மூன்றே: போர் செய்வோன், மந்திரம் செய்வோன், தெய்வத்தொண்டு செய்வோன். கள்வன் மறு ஆண்டிலேயே சேர்க்கப்பட்டான் (கள்வனுக்கு இடமில்லாத உலகத்தை ஓர் ஆண்டுக்குமேல் நடத்த முடியவில்லை போலும்!). 1978-இல் இங்கிலாந்தின் எஸெக்ஸ் பல்கலைக் கழகத்தில் இரு மாணவர், பலர் ஒரே காலத்தில் கணினி வழியே கூடி உலவும் உலகமொன்றை எழுத்துகளாலேயே அமைத்தனர். அவ்வழியில் வளர்ந்து வந்தவற்றுள் பெரும்புகழ் பெற்றது 2004-இல் வெளிவந்த ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’. தொடக்கத்தில் அதற்கு ஒன்பது வகுப்புகள், இன்று பதின்மூன்று. அவ்வுலகில் ஒருமுறை ஏற்ற வகுப்பை அவ்வுருவம் மாற்றிக்கொள்ள இயலாது. வேறு வகுப்பு வேண்டின் வேறோர் உருவம் படைத்து முதற்படியிலிருந்து ஏறல் வேண்டும்.

நம் தீவுகளுக்கு இவ்வினா மிகவும் புதியது. இதற்குக் காரணம் கடலடிக் கம்பியாகும். 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையே கடலடிக் கண்ணாடி இழைக் கம்பி திறந்துவைக்கப்பட்டது. சிறு தீவுகளுக்குச் செல்லும் கிளைகளையும் சேர்த்து அதன் நீளம் ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர். அதற்கு முன் நம் இணையமெல்லாம் செயற்கைக்கோள் வழியே. அக்கோள் நில்லாது நிற்பது 36,000 கிலோமீட்டர் உயரத்தில். இங்கு ஒருவன் வாளை ஓங்கினால் அச்செய்தி மேலே ஏறிக் கீழே இறங்க 72,000 கிலோமீட்டர். விடை திரும்பிவர மற்றுமொரு 72,000. ஒளி வினாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடினாலும் இதற்கு அரை வினாடி வேண்டும். அரை வினாடிதானே என்பீர்கள். எதிரி கோடரியைத் தூக்கியதை இவன் காணும்போது, அங்கே கோடரி இறங்கி இவன் இறந்தும் போயிருப்பான். கம்பி வழியிலோ சென்னைக்குச் சென்று மீள நூறில் இரண்டு பங்கு வினாடிகூட ஆகாது.

எனவே 2020-க்கு முன் இங்கே வாளா மந்திரமா என்று வாதிட்டவன் வீணே வாதிட்டவனாவான். இருவருக்கும் ஒரே முடிவுதான். எதனையும் தேர்ந்துகொள்ளும் உரிமை உனக்குண்டு என்று ஏட்டில் எழுதிவைத்தல் எளிது. அவ்வுரிமையை நடத்திக்காட்டும் கம்பியை யார் இழுப்பது, அது யார் வாசல்வரை வரும் என்பது வேறு கேள்வி. விளையாட்டை விட்டுவிட்டு வேலைக்கும் கல்விக்கும் இக்கணக்கைப் போட்டுப் பார்க்குமாறு அன்பர்களை வேண்டுகிறேன்.

நிற்க. எவ்வகுப்பு வலியது என்று கேட்பவர் பலர். இதற்கு நீண்ட விடை வேண்டுவதில்லை. விளையாட்டை நடத்தும் கம்பெனியார் அவ்வப்போது எண்களைத் திருத்தி வருவதால், இன்று மேலிருப்பது நாளைக் கீழிறங்கும். வலிமை நோக்கித் தேர்ந்தவன் பருவந்தோறும் வீடு மாறிக்கொண்டிருப்பான்.

பெயரின் பொலிவு நோக்கித் தேர்வோர் அதனினும் பலர். இதுபற்றிச் சற்று நின்று பேசவேண்டும். யான் பஞ்சாலையில் பதிலியாகச் சேர்ந்த காலத்தில், ‘ஸ்பின்னிங்’ என்ற சொல்லே எமக்கெல்லாம் பட்டம் போலத் தோன்றிற்று. கதிர்கள் வரிசையாகச் சுழலும் அழகை வெளியிலிருந்து பார்த்தவர்கள் யாம். உள்ளே போனபின் அறிந்தது வேறு: இயந்திர வரிசைகளுக்கு இடையே ஒரு ஷிஃப்டு முழுதும் நடத்தல், இழை அறுந்த இடத்தை இரைச்சலுக்கிடையே கண்ணால் மட்டும் கண்டுபிடித்தல், பிணைத்தல், மீண்டும் நடத்தல். தொழிலின் பெயர் ஒன்று. தொழில் நாள்முழுதும் கையிலும் காலிலும் செய்யும் செயல் மற்றொன்று. யாம் நேசித்தது பெயரை. சம்பளம் வாங்கியது செயலுக்கு.

விளையாட்டு வகுப்புகளும் இத்தன்மையனவே. ஹீலர் என்றால் கருணையின் வடிவம் என்று பலர் எண்ணுகின்றனர். அவன் உண்மையில் செய்வது யாது? மற்ற நால்வரும் மலைபோன்ற பூதத்தையும் நெருப்பு மழையையும் கண்டு களிக்கும்போது, அவன் திரையின் ஓரத்தில் ஐவருடைய உயிரளவைக் காட்டும் ஐந்து பச்சைக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருக்கிறான். எந்தக் கோடு குறைகிறதோ அதை நிரப்புகிறான். போர் முடிந்தபின் பூதத்தின் முகம் எப்படியிருந்தது என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. டேங்க் என்பவனுக்கு வீரன் என்ற பெயருண்டு. அவன் செய்யும் வேலை எதிரியின் அடிகளையெல்லாம் தன்மேல் இழுத்துக்கொண்டு நகராது நிற்றலும், எவ்வழியே செல்வது என்று பிறர் கேளாமலே அறிந்திருத்தலும், தவறு நேர்ந்தால் முதல் வசவை ஏற்றலுமாம். தாக்குவோர் என்று மூன்றாம் வகையார் உளர். பெரும்பாலோர் விரும்பிப் போகும் இடம் அதுவே. ஆகவே ஒருவன் தன்னைக் கேட்கவேண்டிய வினா, ‘யான் யாராகத் தோன்ற விரும்புகிறேன்’ என்பதன்று. ‘எச்செயலை நூறாவது நாளும் முகஞ்சுளியாமல் செய்வேன்’ என்பது. முதல்நாளில் இதற்கு விடை கூற எவராலும் இயலாது என்பதே இதிலுள்ள சங்கடம்.

இனி நண்பர் நால்வரின் கட்சிக்கு வருவோம். ‘எமக்கு ஒருவன் குறைகிறான், குறையுள்ள இடத்தை நிரப்புதலே அறம்’ என்பது அவர்கள் வாதம். இதில் உண்மையுண்டு. ஐவர் கூடிய குழுவுக்கு அடி தாங்குவோன் ஒருவன், காயம் ஆற்றுவோன் ஒருவன், தாக்குவோர் மூவர் என்பது பொதுவான அமைப்பு. எல்லோரும் தாக்கவே விரும்பினால் வரிசையில் காத்திருத்தல் நீளும். வார்கிராஃப்டை நடத்துவோர் 2011-ஆம் ஆண்டில், எப்பணிக்கு ஆள் குறைகிறதோ அப்பணியை ஏற்று வருவோருக்கு வெகுமதிப் பை ஒன்று தருவதாக அறிவிக்க நேர்ந்தது. பிறர் சுமையைச் சுமக்க ஆளில்லாத ஊரில் கூலி கூட்டிக் கொடுத்து அழைப்பதைப் போன்றது இது. தன் விருப்பம் ஒன்றையே நோக்குவோன் பிறருடைய காலத்தைத் தின்கிறான் என்பதை யான் மறுக்கவில்லை.

ஆயினும் அந்நால்வரின் சொற்களை மறுபடி நோக்குக. ‘எமக்குள் யார் மாறுவது’ என்று அவர்கள் தம்மைத் தாமே கேட்டார்களா? இல்லை. ‘நீ புதியவன்; ஆகையால் நீ’ என்றார்கள். குறை நால்வருக்கும் பொது; அதை நிரப்பும் பொறுப்பு மட்டும் கடைசியில் வந்தவனுக்கு. வேண்டுதல் வேறு, ஒதுக்கி வைத்தல் வேறு. ஆலைத் தொழிலாளிக்கு இவ்வேறுபாட்டை எவரும் போதிக்க வேண்டுவதில்லை. எந்தப் பையனைப் பஞ்சுத்தூசி நிறைந்த புளோ ரூமுக்கு அனுப்புவது, எவனைத் தறிக்கு அனுப்புவது என்பதை மேஸ்திரி பையனின் ஊரையும் தெருவையும் கேட்டுவிட்டுத் தீர்மானித்த ஆலைகள் இருந்தன. பம்பாய் ஆலைகளில் நெசவுப் பகுதி தாழ்த்தப்பட்டோருக்கு அடைபட்டுக் கிடந்தது. காரணம் நகைப்புக்கும் அழுகைக்கும் உரியது. அக்காலத்து நாடாவில் புதுக் கண்டை இட்டபின் நூலின் நுனியை வாயால் உறிஞ்சி நாடாவின் கண் வழியே இழுக்கவேண்டும். ஒருவன் வாய் வைத்த நாடாவில் மற்றவன் வாய் வைக்கவேண்டி வரும் என்பதால், தீண்டாமை பாராட்டிய தொழிலாளர் அவர்களை உள்ளே விட மறுத்தனர். நெசவுக்குக் கூலி அதிகம் என்பதையும் சேர்த்து நினைக்கவேண்டும். 1928-இல் நடந்த பெரும் வேலைநிறுத்தத்தின்போது டாக்டர் அம்பேத்கர் இக்கதவைத் திறக்கவேண்டும் என்ற கோரிக்கையை எழுப்பினார். உரிமைக்காகப் போராடிய தொழிற்சங்கத்தாரே அதனைத் தயங்கித் தயங்கித்தான் ஏற்றனர். வகுப்பு என்பதன் மூன்றாம் பொருளும் நான்காம் பொருளும் ஒரே தறியில் பின்னிக்கிடந்த நாட்கள் அவை.

இத்தீவுகளின் பழங்கதையும் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. 1858-ஆம் ஆண்டுமுதல் இங்குக் கொண்டுவரப்பட்ட ஆயுள் கைதிகள் படிப்படியாக நடத்தப்பட்டனர். முதலில் சிறை; பின்பு கூட்டாகக் கடின உழைப்பு; பத்தாண்டுகள் கழித்து நன்னடத்தைச் சீட்டுப் பெற்றவன் தன் பிழைப்பைத் தானே தேடிக்கொள்ளலாம். நிலம் உழலாம், தொழில் செய்யலாம், சீட்டுப்பெற்ற பெண்ணை மணக்கலாம். அம்மணங்களுள் பல சாதி பாராமல் நடந்தன. அவர்கள் வழிவந்தோரை ‘லோக்கல் பார்ன்’ என்று இன்றும் இங்கு அழைக்கிறோம். அக்கொடுமையை யான் புகழவில்லை. பிறந்த ஊரில் கிட்டாத தேர்வு ஒருவனுக்குச் சிறைக்கு அப்பால்தான் கிட்டிற்று என்றால் அந்த ஊரைப் பற்றி என்ன சொல்வது!

வகுப்பு எதனால் அமைகிறது என்ற வினா நம் நூல்களுக்கும் புதியதன்று. சுத்தநிபாதத்தில் வாசெட்ட சுத்தம் என்றொரு பகுதியுண்டு. பிறப்பாலா செயலாலா என்று வாதிட்டு வந்த இரண்டு இளைஞருக்குப் பகவர் அளித்த விடை அது. உழுபவன், கைவினைஞன், வாணிகன், ஏவலாள், கள்வன், போர்வீரன், வேள்வி செய்வோன், அரசன் என்று வரிசையாக எடுத்துக்கூறி, இவர்கள் யாவரும் தத்தம் செயலாலேயே அவ்வாறு ஆகின்றனர் என்று காட்டுகிறார். கள்வனும் வீரனும் பூசகனும் வாணிகனும் ஒரே வரிசையில் நிற்பதைப் பாருங்கள். 2002-இல் கொரியாவில் தோன்றிய ‘ராக்னராக் ஆன்லைன்’ என்னும் விளையாட்டின் முதல் வகுப்புகள் ஆறு: வாள்வீரன், மந்திரவாதி, வில்லாளி, வாணிகன், கள்வன், திருத்தொண்டன். நால்வரை நாம் முன்பே அறிவோம்! அவ்விளையாட்டில் யாவரும் ‘நாவிஸ்’ என்னும் வகுப்பற்ற புதியவராகவே பிறக்கின்றனர். சிறிது காலம் எல்லாவற்றையும் தட்டுத்தடுமாறிச் செய்து, பத்துப் படி ஏறிய பின்னரே தொழிலைத் தேர்ந்துகொள்ளும் தகுதி வருகிறது. ‘ஃபைனல் ஃபேன்டஸி’ வரிசையின் பதினான்காவது விளையாட்டில் கையிலுள்ள கருவியை மாற்றினால் வகுப்பும் மாறும். ஓருருவமே எல்லாத் தொழிலையும் கற்கலாம். இவ்விரண்டு ஏற்பாடுகளும் என் அறிவுக்கு மிகவும் நியாயமாகத் தோன்றுகின்றன. அறியாதவனிடம் மாற்றவொண்ணாத முடிவைக் கேட்பதில் அறம் குறைவு.

கருவி செயலன்று என்பதற்கும் ஒரு சான்று உண்டு. 2005-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் வார்கிராஃப்ட் உலகில் எதிர்பாராத கொள்ளைநோய் ஒன்று பரவிற்று. ஓர் அரக்கனின் குகைக்குள் மட்டும் இருக்கவேண்டிய நஞ்சு, வளர்ப்பு விலங்குகளின் உடலில் ஒட்டி நகரங்களுக்கு வந்துவிட்டது. கீழ்ப்படியிலிருந்த புதியோர் நொடியில் மாண்டனர். அவ்வேளையில் காயம் ஆற்றும் வகுப்பினர் சிலர் எவரும் ஏவாமலே முன்வந்து மருத்துவம் செய்தனர். நோயைத் தடுக்கும் ஆற்றல் ஏதுமற்ற கீழ்ப்படியினருட் சிலர் ஊரெல்லையில் நின்று, ‘உள்ளே வராதீர்’ என்று வருவோரைத் திருப்பி அனுப்பினர். வேறு சிலர் ஊரைவிட்டு ஓடினர். மற்றும் சிலர் வேடிக்கைக்காக நோயை ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் பரப்பினர். மக்கள் கொள்ளைநோய்க் காலத்தில் எவ்வாறு நடப்பர் என்பதை அறிய இந்நிகழ்ச்சி உதவும் என்று மருத்துவ ஆராய்ச்சியாளர் 2007-இல் கட்டுரை எழுதினர். எல்லையில் நின்று எச்சரித்த அந்தப் புதியவனின் வகுப்பு யாது? எதுவாயிருந்தால் என்ன? அவனிடத்தில் மருந்தில்லை, குரல் மட்டும் இருந்தது.

கள்வன் வகுப்பை எடுத்தல் பாவமா என்றும், விளையாட்டிலேனும் கொல்லலாமா என்றும் சிலர் கேட்டனர். நாடகத்தில் இராவணன் வேடம் தரித்தவனை மேடையிறங்கியபின் எவரும் சிறையிலிடுவதில்லை. ஆனால் எதிரே ஆடுபவனும் உயிருள்ள மனிதன் என்பதை மறந்து, புதியவனைத் தேடிப்பிடித்து மீண்டும் மீண்டும் வீழ்த்தி அவன் வேதனையில் மகிழ்பவன் இருக்கிறானே, அவன் எடுத்தது குருவின் வகுப்பேயாயினும் உள்ளத்தில் வளர்ப்பது நஞ்சுதான். இவ்வளவு போதும், இது தனியே எழுதவேண்டிய பொருள்.

அவ்விளைஞருக்கு யான் கூறியது இது: ‘தம்பி, முதல் உருவத்துக்கு உன் மனம் விரும்பும் வாளையே எடு. விருப்பமில்லாத ஹீலர் ஐவரையும் கொல்வான். தனக்கென ஒன்றைத் தேர்ந்து பழகாதவன் பிறர்க்கென ஒன்றைத் தேர்ந்து கொடுக்கவும் அறியான். ஆனால் இதை முன்கூட்டியே நண்பர்களிடம் சொல். ஹீலர் வேலையை ஐவரும் வாரத்துக்கு ஒருவராக முறைவைத்துச் செய்யலாமா என்று கேள். உன் முறை வரும்போது மறுக்காதே.’ வார்கிராஃப்டில் இருபதாம் படிவரை கட்டணமின்றி ஆடலாம். அதற்குள் நாலைந்து வகுப்புகளைத் தொட்டுப் பார்த்துவிடலாம் என்பதையும் அவரிடமிருந்தே கேட்டறிந்தேன்.

விட்டுவிட்ட உருவத்துக்குச் செலவிட்ட நேரம் வீண்தானே என்று பெற்றோர் கேட்கின்றனர். திரையில் இருந்தவை அழிந்துபோகும், மெய்தான். எனினும் ஒரு மாதம் ஹீலராக இருந்த பையன் பின்பு வாளெடுக்கும்போது அவனைக் கவனித்துப் பாருங்கள். எதிரியைக் கண்டவுடன் பாய்வதில்லை. பின்னால் நிற்பவனுக்கு மந்திரசக்தி எவ்வளவு மீதமிருக்கிறது என்று பார்த்துவிட்டு, அது நிரம்பும்வரை வாளைத் தாழ்த்திக்கொண்டு காத்திருக்கிறான்.